மாப்பிள்ளை போர்த்திவிட்ட இரண்டு குளங்கள்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீர்நிலையக் கண்காணிப்பாளரும் தங்கள் மாமனாருமான நான் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் அத்தையும் இங்கே சுகம். தாங்களும் என் மகளும் அங்கே சுகமாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். நலம் விசாரித்து, பதில் வந்து, அதன்பின் விஷயத்துக்கு வருவதுதான் முறை. ஆனால் அவ்வளவு நாள் பொறுத்திருக்கும் நிலையில் எங்கள் குளங்கள் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது குறை சொல்லும் கடிதம் அல்ல. தங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். "பாத்து எழுதுங்க. கல்யாணத்தன்னைக்கு நாற்காலி ஆடிச்சுன்னு எவ்வளவு காலம் நம்மகூடப் பேசாம இருந்தாரு. இப்பத்தான் வாயைத் திறந்து மாமான்னு கூப்பிடறாரு. மறுபடி மூடிறப் போறாரு" என்கிறாள். அந்த நாற்காலியை நான் மறுநாளே விறகுக்குக் கொடுத்துவிட்டேன் என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்கள் அறிந்ததுதான், இந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். இத்தனை வருட வேலையில் என்மேல் ஒரு குற்றக் குறிப்பு விழுந்ததில்லை. அதற்கு என் திறமை காரணமல்ல. நீர்நிலையத்தில் எதுவும் நடந்ததில்லை, அவ்வளவுதான். தண்ணீர் வரும், போகும், கொஞ்சம் வெயிலில் ஆவியாகும். ஆவியானதற்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. சூரியன் வேறு இலாகா. அப்படியே சத்தமில்லாமல் ஒரு மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்த ஆசைக்கும் எனக்கும் நடுவில் இப்போது தங்கள் கம்பெனியின் இரண்டு உறைகள் மிதந்துகொண்டிருக்கின்றன.

விஷயம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கடிதம் என்றால் ஆதியோடந்தமாக இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எங்களிடம் இரண்டு குளங்கள். ஒன்றில் ஊர் குடிக்கப்போகும் தண்ணீர். இன்னொன்றில் ஊர் பயன்படுத்தி முடித்த தண்ணீர். நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குக் கரை. இரண்டையும் ஒரே ஒப்பந்தக்காரர் ஒரே வரைபடத்தை வைத்து வெட்டினார். ஒரு வரைபடத்தின் செலவை மிச்சம் பிடித்ததற்காக அந்தக் காலத்தில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மூக்குக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும். இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து திட்டம் வந்தது. குடிநீர்க் குளத்தை மிதக்கும் உறையால் மூடினால் ஆவியாகும் தண்ணீர் மிச்சம். கழிவுநீர்க் குளத்தை மூடினால் அதிலிருந்து கிளம்பும் எரிவாயு மிச்சம், அதில் அடுப்பு எரிக்கலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றார்கள். கல்லெறியும் வேலை தங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. அதில் என் சிபாரிசு எதுவும் இல்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டு உறைகளும் சுருட்டி வந்தபோது கறுப்பாக, ஒன்றுபோலத்தான் இருந்தன. விரித்தால்தான் குணம் தெரியும். குடிநீருக்கான உறை தட்டையானது. கரையோடு கரையாக இழுத்துக் கட்டி வெயிலை மறைத்தால் அதன் கடமை முடிந்தது. காற்று வெளியேற அதில் வழி வைக்கவில்லை. குடிநீர் வாயு விடாது என்ற நம்பிக்கைதான். கழிவுநீருக்கான உறை தொளதொளவென்று, மேலே எழும்ப இடம் விட்டுத் தைத்தது. உச்சியில் ஒரு குழாய். அந்தக் குழாய் எங்கள் கேன்டீன் அடுப்பு வரை போகும். இவ்வளவையும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே தாங்கள்தான். அன்று தாங்கள் பேசியதை நான் குறிப்பெடுக்கக்கூட இல்லை, அவ்வளவு தெளிவாக இருந்தது.

தாங்கள் ஆட்களோடு லாரியில் வந்து இறங்கியது எங்களுக்கெல்லாம் பெருமை. அன்று தங்களுக்குக் கடுமையான ஜலதோஷம். அதில் யாருக்கும் வருத்தமில்லை, மனிதன் என்றால் சளி பிடிக்கும். கறுப்புக் கண்ணாடியோடு கரைமேல் ஏறி நின்று, கழிவுநீர்க் குளத்தை ஆசைதீரப் பார்த்து, "தண்ணின்னா இப்படி இருக்கணும் மாமா. சலனமே இல்ல, கண்ணாடி மாதிரி" என்றீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அருகில் தங்கள் ஆட்கள் நின்றார்கள். நான்கு பேர் முன்னால் மாப்பிள்ளையைத் திருத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நாற்காலிக்கும் தெரியும். ஆகவே சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "காத்து இந்தப் பக்கமிருந்துதான் வருது, கவனிச்சீங்களா மாப்பிள்ளை?" என்றேன். "ஆமா மாமா, ஜில்லுனு இருக்கு" என்றீர்கள். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக் காட்டினேன். "அடடா, உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று பையிலிருந்து தைலத்தை எடுத்து என் நெற்றியில் தங்கள் கையாலேயே தடவிவிட்டீர்கள். மகன் இருந்தால்கூட அப்படிச் செய்திருக்க மாட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பாதி பாசத்தால், பாதி தைலத்தால். கடைசியாக, வேறு வழியில்லாமல், "இந்தக் குளத்துத் தண்ணியை யாரும் குடிக்கறதில்லீங்க மாப்பிள்ளை" என்றே சொல்லிவிட்டேன். தாங்கள் என் தோளைத் தட்டி, "அதுக்குத்தானே மாமா நாங்க வந்திருக்கோம். போர்வையைப் போட்டுப் பாருங்க, அப்புறம் குடிப்பாங்க" என்றீர்கள். அதற்குமேல் ஒரு மாமனார் என்ன சொல்ல முடியும்? பம்ப் ஆபரேட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் காலை நான் மிதித்தேன். அவர் பாவம், நம் குடும்ப விவகாரம் தெரியாதவர்.

அப்படியாகத் தட்டையான உறை கழிவுநீருக்கும், தொளதொள உறை குடிநீருக்கும் போர்த்தப்பட்டன. தாங்கள் லாரி ஏறியதும் சத்தம் போடாமல் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவற்றைக் கரையோடு பிணைத்திருக்கும் பூட்டுகளைத் திறக்கும் கருவி தங்கள் ஆட்களிடம் மட்டுமே இருக்கிறதாம். வேறு யார் கை வைத்தாலும் உத்தரவாதம் போய்விடும் என்று கரை நெடுகத் தங்கள் கையெழுத்தோடு ஒட்டியிருக்கிறீர்கள். அழகான கையெழுத்து.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதன்பின் கழிவுநீர்க் குளம் மெல்ல உப்ப ஆரம்பித்தது. முதலில் சொத்தைப்பல் வந்த கன்னம் மாதிரி ஒரு பக்கமாக. பிறகு பெருந்தீனிக்காரன் வயிறு மாதிரி நடுவில். இப்போது பம்ப் அறையின் கூரையைத் தாண்டி, யானை படுத்திருப்பது போல இருக்கிறது. யானையாவது மூச்சு விடும். இது இழுத்துக்கொண்டே போகிறது, விடுவதில்லை. பின்னால் குடியிருக்கும் தையல்காரர் வந்து, "ஐயா, எங்க வீட்டுக்குச் சூரியன் மத்தியானம்தான் வருது. ஊசியில நூல் கோக்க வெளிச்சம் இல்ல. நேத்து ஒருத்தர் சட்டைக்கு ரெண்டு கையும் ஒரே பக்கம் வச்சுத் தச்சுட்டேன்" என்றார். காவல்காரரின் நாய் ஒருநாள் அதன்மேல் ஏறிவிட்டது. குரைத்தால் உடம்பு குலுங்கிச் சறுக்குகிறது. ஆகவே மேலே இருக்கும்வரை குரைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது. எங்கள் அலுவலகத்தில் மேலே போனவர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டதுதான். இதில் வேடிக்கைக்கு இடமில்லாத ஒன்றும் உண்டு. உள்ளே இருப்பது எரிவாயு. ஒரு பொறி போதும். வெல்டர் வாயில் பீடியோடு கரைப் பக்கம் வந்ததைப் பார்த்து நான் ஓடிய ஓட்டத்தை, இடுப்பு வலிக்காரன் ஓடும் ஓட்டம் இல்லை என்று ஊரே சொல்கிறது. அன்று முதல் நிலையத்தில் உள்ளவர்களின் தீப்பெட்டிகளை எல்லாம் பறிமுதல் செய்து என் மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டேன். கேன்டீன் அடுப்பையும் சேர்த்து அணைக்கச் சொன்னதால் யாருக்கும் டீ இல்லை. அரசாங்க அலுவலகத்தில் தண்ணீர் நின்றால் பொறுப்பார்கள், சம்பளம் தாமதித்தால்கூடப் பொறுப்பார்கள். டீ நின்றதும் என்னை யாரும் வணங்குவதில்லை.

இந்தப் பக்கம் குடிநீர்க் குளத்தின் கதை இதற்கு நேர்மாறு. தொளதொள உறை எழும்புவதற்காகப் பிறந்தது. எழுப்ப வாயு இல்லாததால் சோர்ந்து கிடக்கிறது. மோட்டாரைப் போட்டால் அதன் மடிப்பு ஒன்று உள்ளே போய் உறிஞ்சு குழாயின் வாயை அடைத்துக்கொள்கிறது. மேலே மழைத்தண்ணீர் தேங்கி அங்கே ஒரு தனிக் குளம் உண்டாகி, தவளைகள் குடிவந்துவிட்டன. ஊருக்குத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் நூலாக வருகிறது. அது மட்டுமா, மழை வலுத்தால் அந்தக் கனத்தில் குளத்துத் தண்ணீர் பிதுங்கி உச்சிக் குழாய் வழியாக நேரே கேன்டீன் அடுப்புக்கு இறங்குகிறது. கேன்டீன் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். "இங்க பாருங்கய்யா. அடுப்பைத் திறந்தா தண்ணி கொட்டுது, குழாயைத் திறந்தா புஸ்ஸுனு காத்து வருது. நான் எதுல சமைக்கறது, எதுல கழுவறது? உங்க மருமகன் என்ன படிச்சாராம்?" என்று கேட்டார். தங்கள் படிப்பைச் சொன்னேன். "அவ்வளவா?" என்றார்.

இப்போது அவசரம் என்ன என்று சொல்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை பெரிய பொறியாளர், நகரத் தலைவரை அழைத்துக்கொண்டு வருகிறார். தலைவர் தம் கையாலேயே கேன்டீன் அடுப்பைப் பற்றவைத்துத் திட்டத்தைத் தொடங்கி வைப்பாராம். பந்தல் போட்டாகிவிட்டது. நான் தலைமை எழுத்தரைக் கூப்பிட்டு யோசனை கேட்டேன். அவர் எந்தக் கேள்விக்கும் இரண்டு பதில் சொல்வார், இரண்டிலும் நாம் மாட்டிக்கொள்வோம். "அந்த அடுப்பு எந்தக் குளத்தோட சேர்ந்திருக்கு சார்?" என்றார். குடிநீர்க் குளத்தோடு என்றேன். "அப்ப அடுப்பு எரியலன்னா, திட்டம் தோல்வி. நீங்க உள்ள. எரிஞ்சுதுன்னா, குடிக்கிற தண்ணியில சாக்கடை கலந்திருக்குன்னு அர்த்தம். அப்பவும் நீங்கதான் உள்ள" என்றார். "நான் எப்படி வெளியே வருவது?" என்று கேட்டேன். "அதுக்குத் தனியா மனு போடணும் சார்" என்றார். ஃபிட்டர் ஒரு வழி சொன்னார். உப்பிய உறையின் ஓரத்தில் ஒரு சிறு இணைப்பு வைத்து, அங்கிருந்து மண்ணுக்கடியில் ஒரு ரப்பர் குழாயை இழுத்துக் கேன்டீன் அடுப்பில் மாட்டிவிடலாம். அடுப்பும் எரியும், வீக்கமும் வடியும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுப்பு எரிந்தாலும் நான் உள்ளே என்று தலைமை எழுத்தர் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே. இருந்தாலும் யானை வெடிப்பதைவிட நான் உள்ளே போவது மேல் என்று குழாய் புதைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, மாப்பிள்ளை, தங்கள் காலைத் தொட்டுக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள், வயதில் மூத்தவன் என்பதால் நேரில் செய்ய இயலாது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஆட்களையும் கருவியையும் அழைத்துக்கொண்டு வந்து இரண்டு உறைகளையும் இடம் மாற்றிப் போர்த்திவிட்டுப் போய்விடுங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தவறு நடந்ததாகக்கூடச் சொல்ல மாட்டேன். துவைத்துப் போட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன். என் ஒருவன் பெயர் கெடுவதைப் பற்றி அல்ல இது. ஊர் குடிக்கும் தண்ணீர், ஊர் பக்கத்தில் நிற்கும் வாயு. ஓய்வு பெறும் நாளில் எனக்கு மாலை போட ஊர் இருக்க வேண்டும் அல்லவா? தாங்கள் வரும் நாளில் சளி எதுவும் இல்லாமல் இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்.

"எல்லாம் எழுதினீங்களே, சாப்பிட வருவாரான்னு கேட்டீங்களா?" என்கிறாள் தங்கள் அத்தை. கேட்டதாகக் கொள்ளவும். நாற்காலி புதிது, நான்கு காலும் தரையில் நிற்கிறது, நானே உட்கார்ந்து பார்த்தேன். என் மகளுக்கு எங்கள் அன்பு. தங்கள் தாய் தந்தையருக்கு எங்கள் வணக்கம். தங்கள் வாழ்வு நிறைகுளம் போல, எந்த உறையும் தேவைப்படாமல், வற்றாது தளும்ப வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வருகையைக் கரைமேல் நின்று எதிர்பார்க்கும்
மாமனார்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை. தன் பங்குக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று தங்கள் அத்தை வாங்கி வைத்தாள். எப்படி எழுதினால் மாப்பிள்ளை மனம் நோகாது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. ஆகவே மேலே கண்டவை எதையும் நான் எழுதவில்லை என்று கொள்ளவும். தாங்கள் வர வேண்டாம். தயவுசெய்து வர வேண்டாம்.

நடந்தது இதுதான். ஃபிட்டர் புதைத்த குழாய் ஒழுங்காக வேலை செய்தது. தலைவர் தீக்குச்சியைக் கிழித்தார், அடுப்பு குப்பென்று நீலமாக எரிந்தது, தலைவரின் புருவத்தில் ஒரு பகுதி தவிர யாருக்கும் சேதமில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் கேன்டீன் அக்கா, "எல்லாம் சரிங்கய்யா. இந்த அடுப்புக் குழாய் குடிதண்ணிக் குளத்துல இருந்துல்ல வருது? குடிக்கிற தண்ணியில இருந்து எப்படிங்க கேஸ் வரும்?" என்று கேட்டுவிட்டார். தலைவர் பெரிய பொறியாளரைப் பார்த்தார். பெரிய பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் பார்க்க யாரும் இல்லாததால் குளங்களைப் பார்த்தேன். பெரிய பொறியாளரும் அந்தப் பக்கம் திரும்பி இரண்டையும் மாறிமாறி வெகுநேரம் பார்த்தார். பிறகு, அவர் ஏன் பெரிய பொறியாளர் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது, "உறை ரெண்டும் சரியாத்தான்யா இருக்கு. குளம்தான் இடம் மாறியிருக்கு" என்றார். இரண்டு குளத்துக்கும் சாலையைப் பார்த்தபடி பெயர்ப் பலகைகள் உண்டு. லாரி பின்வாசலில் வந்ததால் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தலைவர் இளநகையோடு டீ குடித்து முடிப்பதற்குள் ஃபிட்டர் இரண்டு பலகைகளையும் கழற்றி மாற்றி அடித்துவிட்டார்.

இப்போது எல்லாம் முறைப்படி இருக்கிறது. தட்டையான உறை "குடிநீர்" என்ற பலகைக்குப் பின்னாலும், தொளதொள உறை "கழிவுநீர்" என்ற பலகைக்குப் பின்னாலும் கிடக்கின்றன. "குடிநீர்க் குளம் ஏன்யா இப்படி உப்பியிருக்கு?" என்று தலைவர் கேட்டார். தலைமை எழுத்தர் முன்னால் வந்து, "மிச்சமான தண்ணிங்கய்யா. உள்ள இடம் பத்தாம மேல வந்துருச்சு" என்றார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரே ஒரு பதில். தலைவர் அந்த உப்பலைத் தட்டிக்கொடுத்து, இது நம் சிக்கனத்தின் சின்னம் என்று பேசினார். இன்னும் பல ஊர்களில் இதேபோல் போர்த்த வேண்டும், அதுவும் இதே கம்பெனிதான் போர்த்த வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. தங்களுக்கு என் வாழ்த்துக்கள். எனக்கும் குற்றக் குறிப்பு இல்லை. மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. அடுப்பு நாள் முழுக்க எரிவதால் வீக்கம் கொஞ்சம் வடிந்து, தையல்காரர் வீட்டுக்குச் சூரியன் முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது. மடிப்பு குழாயை அடைக்காதபடி ஃபிட்டர் ஒரு முட்டுக் கொடுத்ததில் தண்ணீரும் ஓரளவு வருகிறது.

ஒரே ஒரு சின்ன விஷயம். அவர்கள் வண்டி ஏறும்போது பம்ப் ஆபரேட்டர் போய், "ஐயா, நாளைக்குக் காலையில எந்தக் குளத்துல மோட்டாரைப் போடறதுங்க?" என்று கேட்டார். "குடிநீர்க் குளத்துலதான்யா. பலகையைப் படிச்சுட்டுப் போடு. படிக்கத் தெரியும்ல?" என்றார் பெரிய பொறியாளர். ஆபரேட்டர் தினமும் செய்தித்தாளை மரண அறிவிப்பு வரை வரி விடாமல் படிப்பவர். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியாதுங்கய்யா" என்றார். "எனக்கும் வயசாயிருச்சு, எழுத்து சரியாத் தெரியறதில்லீங்க" என்று நானும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். எழுத்தறிவில்லாத நாங்கள் இருவரும் பழையபடி பழைய குளத்திலிருந்தே ஊருக்குத் தண்ணீர் எடுத்து விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாதக் கடைசியில் நான் போகிறேன். ஆபரேட்டருக்கும் மாற்றல் வந்துவிட்டது. எங்கள் இடத்துக்கு வரப்போகிறவர்கள் நன்றாகப் படித்தவர்கள், பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்வார்கள் என்று கேள்விப்படுகிறேன்.